பைக் சைலென்சர் சத்தம் வேளைக்கு ஒரு மாதிரி மாறுகிறதா? அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்க

"அண்ணே, காலையில வெடிக்குது, மத்தியானம் பார்த்தா பேசாம இருக்கு. சைலென்சர் போச்சு, புதுசு ஒண்ணு போட்டுருங்க." வண்டியை ஓரங்கட்டும்போதே பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். கழற்றிப் பார்த்தால் சைலென்சர் நன்றாகவே இருக்கும். என்ஜினும் பெண்டு பைப்பும் (புகையைச் சைலென்சருக்குக் கொண்டுபோகும் வளைந்த குழாய்) சேரும் இடத்தில் இருக்கிற பேக்கிங் வளையம் நசுங்கியிருக்கும். அதன் விலை சில பத்து ரூபாய். பிஎஸ் 6 (புது மாசு விதிப்படி வந்த) வண்டிக்குக் கம்பெனி சைலென்சர் வாங்கப் போனால் உள்ளே புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருப்பதால் பல ஆயிரம் கேட்பார்கள். வளையத்துக்கும் சைலென்சருக்கும் நடுவில் இருக்கிற விலை வித்தியாசத்தை மிச்சப்படுத்தத்தான் இந்த வழிமுறை.

சத்தம் கூடுகிறது என்பது மட்டும் போதாது. எப்போது கூடுகிறது என்பதுதான் கேள்வி. முதல் ஸ்டார்ட்டிலா, சூடான பிறகா, ஆக்சிலேட்டரை விடும்போதா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கீழே அந்த வரிசையில்தான் போகிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாத காரணம் முதலில், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில்.

## ஸ்பேனரை எடுக்கும் முன்

ஒரே இடத்தில் வைத்துக் கேளுங்கள். நம் செட்டிநாட்டுத் தெருக்களில் இரண்டு பக்கமும் உயரமான மதில். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு வீட்டின் பக்கவாட்டு மதில் தெரு முனை வரைக்கும் ஒரே கோடாக ஓடும். அந்தச் சந்தில் ஸ்டார்ட் செய்தால் நல்ல சைலென்சர்கூட ஓட்டை சைலென்சர் மாதிரி கேட்கும். அதே வண்டியை ஊருணிக் கரையில் நிறுத்திக் கேட்டால் ஒன்றும் இருக்காது. சந்தில் மட்டும் சத்தம், வெட்டவெளியில் இல்லை என்றால் வண்டியில் பழுதில்லை. இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

போனில் டெசிபல் காட்டும் ஆப் இருந்தால், இன்றைக்கும் நாளைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் உதவும். அது காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். வெட்டவெளியில், சைலென்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் 45 டிகிரி சாய்வில் போனைப் பிடியுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே தூரம், அதே சாய்வு, அதே ஐட்லிங் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓடும் வேகம்). மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிவிட்டது என்று பொருள். பத்து கூடினால் காதுக்கே இரண்டு மடங்காகத் தெரியும். ஒன்று, இரண்டு மாறுவதற்கெல்லாம் அலட்டிக்கொள்ள வேண்டாம், காற்றடித்தாலே அவ்வளவு மாறும்.

இன்னொன்று. வீட்டு முகப்பிலோ வளவிலோ (முற்றத்தைச் சுற்றிய பகுதி) வண்டியை ஓடவிட்டுக்கொண்டு சோதனை செய்யாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. முற்றம் திறந்திருக்கிறதே என்று நம்பி உட்காருவதற்கு அது அடுப்புப் புகை இல்லை. தெருவில் வைத்துப் பாருங்கள்.

## காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ‘டப்’ என்று வெடிக்கிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது

அதிகம் பேரைப் பயமுறுத்துவது இதுதான். ஆனால் பெரும்பாலும் சில்லறைச் செலவில் முடிகிற பழுது. எரியாத பெட்ரோல் ஆவி சைலென்சருக்குள் போய்க் காற்றோடு கலந்து நிற்கிறது. என்ஜின் பற்றியதும் முதல் நெருப்பு வந்து அத்தனையும் ஒரே மூச்சில் வெடிக்கிறது. அதற்குப் பிறகு உள்ளே எரிந்த புகை மட்டுமே ஓடுவதால் இரண்டாவது வெடி இல்லை.

துப்பாக்கி சைலென்சரிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். சும்மா இருந்த சைலென்சருக்குள் சாதாரணக் காற்று இருக்கும். முதல் குண்டின் மருந்துப் புகை அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உள்ளேயே இன்னொரு முறை எரியும், அதனால் முதல் வெடி சத்தமாகக் கேட்கும். அடுத்தடுத்த வெடிகளில் ஆக்சிஜன் தீர்ந்திருக்கும், சத்தம் குறையும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் காற்று திரும்ப ஏறி, மறுபடி முதல் வெடி முதல் வெடியாகவே கேட்கும். அமெரிக்காவில் 1909இல் அதற்குக் காப்புரிமை வாங்கிய ஹிராம் பெர்சி மாக்சிம், மோட்டார் வண்டித் தொழிலில் இருந்தவர். மெஷின்கன் செய்த மாக்சிமின் மகன். இரண்டு சைலென்சரும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று சொன்னால் தப்பில்லை. சரி, வண்டிக்கு வருவோம்.

கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பாகம்) உள்ள வண்டி என்றால்:

முதலில் பழக்கத்தைப் பாருங்கள். சாவி போடாமல், அல்லது கில் சுவிட்சை அணைத்து வைத்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கிக் கிக் அடிப்பது. பிறகு சுவிட்சைப் போட்டு ஒரு கிக். வெடிக்காமல் என்ன செய்யும்? சோக்கை இழுத்துவிட்டுத் திரும்பத் தள்ள மறப்பதும் இதே வகை.

அடுத்தது பெட்ரோல் டேப். இரவு மூடிவைத்துவிட்டுக் காலையில் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். மூடி வைத்த நாள்களில் வெடி இல்லை, திறந்து வைத்த நாள்களில் வெடிக்கிறது என்றால் கார்பரேட்டரில் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் ஊசியான ஃபுளோட் நீடில் சரியாக அடைக்கவில்லை. இரவெல்லாம் பெட்ரோல் சொட்டி உள்ளே இறங்குகிறது. இதைக் கவனிக்காமல் விட்டால் அந்தப் பெட்ரோல் என்ஜின் ஆயிலிலும் கலக்கும். ஆயில் குச்சியை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலையும் மாற்ற வேண்டும், மாற்றாமல் ஓட்டாதீர்கள். நீடிலும் அதன் சீட்டும் பெரிய விலை இல்லை. கார்பரேட்டர் பிரித்துப் பழக்கமில்லை என்றால் மெக்கானிக்கிடமே விடுங்கள்.

அதற்கடுத்தது பிளக். கழற்றிப் பாருங்கள். ஈரமாக, கறுப்பாக இருந்தால் நெருப்பு பலவீனம், அல்லது பெட்ரோல் அதிகம். துடைத்துப் போட்டும் இரண்டு நாளில் அப்படியே ஆகிறதா? பிளக்கை மாற்றுங்கள். மாற்றியும் ஆகிறதா? பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் பக்கம் போக வேண்டும், அது ஒர்க்‌ஷாப் வேலை.

பாயிண்ட் (பிளக் நெருப்பை விடும் பழைய வகை சுவிட்ச்) வைத்த பழைய புல்லட் என்றால் டைமிங், அதாவது நெருப்பு விழும் நேரம், பின்வாங்கியிருக்கலாம். பாயிண்ட் இடைவெளி தேய்ந்து குறையக் குறைய டைமிங்கும் பின்னால் போகும். அதைச் செட் செய்யத் தெரிந்த கை ஊருக்கு ஊர் ஒன்றாவது இருக்கும், அந்தக் கையிடம் போங்கள்.

எஃப்ஐ வண்டி (கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டி) என்றால்: சோக்கும் இல்லை, டேப்பும் இல்லை. பிளக்கை மட்டும் பாருங்கள். அது சரியாக இருந்தும் வெடித்தால் இன்ஜெக்டர் ஒழுகலாம். மீட்டரில் மஞ்சள் என்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். ஊகத்தில் பாகம் மாற்றுவது காசைக் கொட்டுகிற வேலை.

வெடி விடாமல் தொடர்ந்தால் சைலென்சரின் மடிப்புத் தையல் பிளந்துவிடும். பத்து ரூபாய்ப் பழுது ஆயிரத்தில் போய் நிற்பது இப்படித்தான்.

## ஆறியிருக்கும்போது ‘டிக் டிக்’, சூடானதும் போய்விடுகிறது

இது பெண்டு பைப் மூட்டு. இரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி அடைந்துகொள்கிறது, சத்தம் மறைகிறது. நாளாக நாளாக மறையும் நேரம் தள்ளிப்போகும், கடைசியில் மறையவே மறையாது.

டேப்பட் (என்ஜின் வால்வைத் தட்டித் திறக்கும் பாகம்) சத்தமும் ஏறத்தாழ இப்படித்தான் கேட்கும், அதனால்தான் குழப்பம். பிரித்துப் பார்க்க எளிய வழி: ஒரு முழம் ரப்பர் டியூப் எடுங்கள். ஒரு நுனியைக் காதருகே வைத்துக்கொண்டு, மறு நுனியை மூட்டைச் சுற்றிக் காற்றிலேயே நகர்த்துங்கள், குழாயில் ஒட்ட வேண்டாம். ஒரு இடத்தில் ‘டிக்’ திடீரென்று ‘சட் சட்’ என்று கூர்மையாகக் கேட்டால் கசிவு அங்கேதான். மேலே வால்வு மூடிப் பக்கம்தான் அதிகம் கேட்கிறது என்றால் டேப்பட்.

கண்ணுக்குத் தெரிகிற அடையாளமும் உண்டு. மூட்டின் ஓரத்தில், என்ஜின் இறகுகளின் மேல் விசிறி விரித்தாற்போல் கரி படிந்திருக்கும். விரலால் தொட்டால் ஒட்டும் உலர்ந்த கறுப்பு. ஆயில் கசிவு என்றால் பிசுபிசுக்கும், கரி பிசுபிசுக்காது.

எதுவும் தெரியவில்லை என்றால் ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து, மடித்த ஈரச் சாக்கால் சைலென்சர் வாயை இரண்டு விநாடி மட்டும் அழுத்துங்கள். மூட்டு நன்றாக இருந்தால் என்ஜின் திணறி அணையப் பார்க்கும். ஓட்டை இருந்தால் அங்கிருந்து சீறும்.

சரிசெய்வது இப்படி. வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். பின்னால் ஃபுட்ரெஸ்ட் பக்கம் சைலென்சரைத் தாங்கும் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். அப்புறம் முன்னால் இருக்கும் இரண்டு நட்டையும், வண்டியைப் பொறுத்து 10 அல்லது 12 நம்பர் ஸ்பேனரால், இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள், பின் போல்ட்டைக் கடைசியில். பின் போல்ட்டை முதலில் இறுக்கிவிட்டால் பைப் கோணலாக இழுத்து நிற்கும், முன்னால் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு பக்கம் வாய் பிளக்கும். புது வளையம் போட்ட மறுவாரமே "அண்ணே, மறுபடி அதே சத்தம்" என்று வருகிற வண்டிகளில் நிறைய இந்தக் கோணல்தான்.

இறுக்கியும் போகவில்லை என்றால் வளையத்தை மாற்றுங்கள். பழையதைக் கழற்றும்போது அது என்ஜின் தலையின் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்காமல் புதியதை மேலே வைத்துவிடுவார்கள். டார்ச் அடித்துப் பாருங்கள்.

நிறுத்திக்கொள்ள வேண்டிய இடம்: நட்டு துருப்பிடித்து நகரவில்லை என்றால் துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாளும் நகரவில்லையா, ஸ்பேனரில் குழாய் மாட்டி நெம்பாதீர்கள். நட்டு ஏறியிருக்கும் ஸ்டட் முறிந்தால் அலுமினியத் தலைக்குள் நிற்கும் மிச்சத்தை எடுக்க லேத்துக்காரரிடம் போக வேண்டும். சிலதற்குத் தலையையே கழற்ற வேண்டிவரும். இந்த இடத்தில் மெக்கானிக்குக் கொடுக்கும் கூலி லாபம்தான்.

## சூடாக ஆகச் சத்தம் கூடுகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். விரிசல்தான் முதல் சந்தேகம். குளிரில் ஒட்டியிருக்கும் வெடிப்பு சூட்டில் வாய் திறக்கும். பெண்டு பைப் வளைவிலும், தாங்கும் பட்டை பற்றவைத்த இடத்திலும், அடிப்புறத்திலும் பாருங்கள். ஆறிய சைலென்சரில் சோப்புத் தண்ணீர் தடவி உடனே ஸ்டார்ட் செய்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

விரிசலுக்கு கேஸ் வெல்டிங் போதும். ஆனால் வண்டியிலேயே வைத்து ஆர்க் வெல்டிங் அடிக்க விடாதீர்கள். எஃப்ஐ வண்டியில் என்ஜினை நடத்தும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோல் யூனிட் போய்விடலாம், அதுவும் பெரிய செலவு. சைலென்சரைக் கழற்றி எடுத்துப் போங்கள். ஆக்சிஜன் சென்சார் இருந்தால் அதையும் கழற்றிவிட்டுக் கொடுங்கள்.

## ஸ்டார்ட் ஆனதும் இரைச்சல், ஒரு நிமிஷத்தில் தானாக அடங்குகிறது

எஃப்ஐ வண்டியில் இது பழுதே இல்லை. என்ஜின் சூடாகும் வரை ஐட்லிங்கைத் தானே தூக்கி வைத்துக்கொள்ளும்.

## ஆக்சிலேட்டரை விட்டதும் ‘படபட’

தேவகோட்டை ரோட்டில் வேகமாக வந்து கையை விட்டால் பின்னால் பட்டாசு. இளவட்டங்களுக்கு இது பிடித்திருக்கிறது, அது வேறு விஷயம். பிடிக்காதவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

கையை விட்டதும் சைலென்சருக்குள் ஒரு கணம் இழுவை உண்டாகும். மூட்டில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே வந்து மிச்சப் பெட்ரோலோடு சேர்ந்து வெடிக்கும். அதனால் இங்கேயும் முதல் சந்தேகம் அதே வளையம்தான், மேலே சொன்ன சோதனைகளையே செய்யுங்கள்.

அங்கே ஒன்றும் இல்லையென்றால் ஏர் ஃபில்டர் பெட்டியைப் பாருங்கள். மூடி சரியாக உட்காராமல் இருக்கும், அல்லது யாரோ ‘பிக்கப்’புக்காக ஃபில்டரையே எடுத்துவிட்டிருப்பார்கள். நம் பக்கத்துச் செம்மண் புழுதியில் ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் சைலென்சரைப் பற்றிப் பிறகு கவலைப்பட வேண்டியிருக்காது, போர் (பிஸ்டன் ஓடும் உருளை) தேய்ந்து என்ஜினே கைக்கு வந்துவிடும்.

அடுத்து கார்பரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய். விரலால் வளைத்துப் பாருங்கள், வெடித்திருந்தால் விரிசல் கோடு தெரியும். பெட்ரோலை அடித்துச் சோதிக்கும் வித்தை ஒன்று உண்டு. சூடான என்ஜின் மேல் அதைச் செய்யவே வேண்டாம்.

சில வண்டிகளில் புகையை முழுக்க எரிப்பதற்காக ஏர் பெட்டியிலிருந்து எக்ஸாஸ்டுக்கு (புகை வெளியேறும் வழி) காற்று விடும் சிறிய வால்வும் ஹோஸும் இருக்கும். ஆக்சிலேட்டரை விடும்போது அது காற்றை அடைக்க வேண்டும், அடைக்காவிட்டால் படபட. ஹோஸ் கழன்றிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். வால்வு போயிருந்தால் கம்பெனி சர்வீஸ்.

இத்தனையும் சரி, ஆனாலும் படபடக்கிறது, வண்டி இழுவையும் குறைந்திருக்கிறது, ஸ்டார்ட் ஆகவும் அடம் பிடிக்கிறது என்றால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை. தலை கழற்றும் வேலை. இதற்கு மேல் நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை.

## உள்ளே ‘கிலுகிலு’, மேட்டில் ஏறினால் அதிகம்

வெளியே இருக்கும் சூட்டுத் தகட்டின் ஸ்க்ரூவைப் பாருங்கள். பத்தில் ஒன்பது வண்டிக்கு அதுவே. ஆறியிருக்கும்போது தகட்டைக் கையால் அழுத்திப் பிடித்து சைலென்சரைத் தட்டுங்கள், சத்தம் நின்றால் ஸ்க்ரூ இறுக்கி முடித்துவிடலாம்.

நிற்கவில்லையென்றால் உள் தடுப்புத் தகடு பற்று விட்டிருக்கிறது. கழற்றிக் குலுக்கினால் உறுதியாகிவிடும். வெட்டித் திறந்து பற்றவைத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். பழைய வண்டிக்கு அது சரி. பிஎஸ் 6 வண்டியில் கிலுகிலுப்பது கன்வெர்ட்டரின் உடைந்த துண்டாகவும் இருக்கலாம். அந்தத் துண்டு வழியை அடைத்தால் வண்டி மூச்சு முட்டி நிற்கும். வெட்டவிடாமல் சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.

## சத்தமே அடங்கிப்போய் வண்டி இழுக்கவில்லை

சத்தம் குறைந்தால் சந்தோஷம்தானே என்று விட்டுவிடுவார்கள். இது அடைப்பு.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். வீட்டைப் பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோதான் திறப்பார்கள். முகப்பில் ஆறு மாதமாக நின்ற டிவிஎஸ் எக்ஸ்எல்லை எடுத்தால் கிக் அடிக்க அடிக்க ‘புஸ்’ என்று மூச்சுவிட்டு நின்றுவிடும். பிளக்கை மாற்றுவார்கள், பெட்ரோலை மாற்றுவார்கள். சைலென்சர் வாயில் குளவி கூடு கட்டியிருப்பதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. காய்ந்த மண் கூடு, உள்ளே செத்த புழுக்கள். வளைந்த கம்பியால் வெளிப்பக்கமாக இழுத்து எடுங்கள், உள்ளே தள்ளிவிட்டால் தடுப்பில் போய்ச் சிக்கிக்கொள்ளும். "ஆச்சி, பூட்டிட்டுப் போகும்போது வாயில ஒரு துணியைச் செருகிட்டுப் போங்க, எடுக்கும்போது மறக்காம உருவிடுங்க" என்று எத்தனை வீட்டில் சொன்னாலும் சலிக்காது.

பெட்ரோலோடு ஆயிலும் எரியும் டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால் ஆயில் கரி. ஆர்எக்ஸ் 100 மாதிரி வண்டிகளில் பின்னால் ஒரு ஸ்க்ரூவை எடுத்தால் உள்குழாய் வெளியே வரும். அதன் துளைகளில் தார் போல அப்பியிருக்கும். சுரண்டி, காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள், கையுறையும் கண்ணாடியும் அவசியம். சோடாவைத் தண்ணீரில்தான் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. உள்குழாய் இல்லாமலே ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். சத்தம் கூடும், இழுவை குறையும்.

## மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது

துரு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். நீண்ட தூரம் ஓடினால் அது வெளியேறிவிடும். வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் ஓடுகிற வண்டியில் சைலென்சர் சூடேறும் முன்னே அணைத்துவிடுவதால் உள்ளேயே தங்கி அரிக்கும். வெளியே குரோம் பளபளக்கும், அடியில் விரலால் அழுத்தினால் பொத்தென்று உள்ளே போகும். துருவை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியிலேயே இருக்கிறது, ஆனாலும் இந்தத் தண்ணீரை யார் தடுப்பது?

சைலென்சரின் அடியில் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். அது ஓட்டை இல்லை, தண்ணீர் வடிவதற்குக் கம்பெனியே வைத்தது. அதைப் பற்றவைத்து அடைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு, அடைக்காதீர்கள். காலையில் வாயிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் விழுவதும் பழுதில்லை.

ஒரு இடத்தில் ஓட்டை, சுற்றிலும் தகடு கெட்டியாக இருக்கிறது என்றால் ஒட்டுப் போடலாம். சுற்றிலும் மெலிந்திருந்தால் வெல்டிங் சூட்டிலேயே இன்னும் நாலு இடத்தில் பொத்துக்கொள்ளும். அப்போது புதிது வாங்குவதுதான் வழி.

கம்பெனியுடையது அல்லாத வெளிச் சைலென்சர் போட்ட வண்டி என்றால் துரு காரணமாக இருக்காது. உள்ளே சுற்றியிருக்கும் கிளாஸ் வுல் எரிந்து பறந்துகொண்டே இருக்கும், அதனால் சத்தம் ஏறிக்கொண்டே போகும். திரும்பச் சுற்றினால் கொஞ்சம் அடங்கும். ஆனால் கம்பெனியிலிருந்து வரும் வண்டிக்கு 80 சிசி வரை 75 டெசிபல், 175 வரை 77, அதற்கு மேல் 80 என்று வரம்பு இருக்கிறது. சத்த வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரை போகலாம். பழைய கம்பெனி சைலென்சரை எடைக்குப் போடாமல் வைத்திருந்தால் அதைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

## புதுசு போட்ட பிறகு

முதல் ஓட்டத்தில் சைலென்சர் மேலிருந்து புகை கிளம்பும். துருப் பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் எரிகிறது, பயப்பட வேண்டாம். சத்தமும் முதல் சில நாள் கொஞ்சம் உலோகமாகக் கேட்கும், உள்ளே கரி படியப் படிய மழுங்கும். புது வளையம் சூட்டில் நசுங்கி உட்காரும் என்பதால், ஒரு நாள் ஓட்டியபின் மறுநாள் காலை ஆறிய வண்டியில் முன்னால் இருக்கும் இரண்டு நட்டிலும் இன்னொரு தடவை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். கால் சுற்றாவது இறங்கும்.